அத்தையின் ஸ்கேன் ரிப்போர்ட்

நான்காம் வகுப்பு படித்த வருடம் எங்கள் குடும்பத்தின் மருத்துவ ஆலோசகராக நான் இருந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீடியம் போன ஒரே ஆள் நான்தான். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், பொறுமைதான் கிடையாது.

அத்தை, அப்பாவின் தங்கை, சென்னீர்குப்பத்தில் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவள். மாமா இந்தப் பக்கத்துக்காரர். செம்பரம்பாக்கத்துக் கிடங்குகளுக்கு லோடு வேன் ஓட்டினார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அத்தை உண்டானாள். அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்துவிடுவார்கள். நான் பள்ளி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சப்பணமிட்டு உட்காருவேன்.

இ.டி.டி. என்றால் பிரசவத்துக்குக் குறித்த தேதி, பிளசென்டா என்றால் நஞ்சுக்கொடி, ஃபீட்டஸ் என்றால் கரு, கார்டியாக் என்றால் இதயம் சம்பந்தப்பட்டது. அகராதியில் இல்லாததை அத்தை நர்ஸிடம் கேட்டுவந்து எனக்குச் சொல்வாள். நான் அதையே அவளுக்குத் திருப்பி விளக்குவேன். ஐந்தாம் மாதம் 'பிரீச்' என்று வந்தது.

"இன்னா கண்ணு, ஃபிரிட்ஜுன்னு போட்டுக்கீது?" என்றார் மாமா.

பிள்ளை தலைகீழாக, அதாவது தலை மேலேயும் கால் கீழேயுமாக இருக்கிறது, இன்னும் நாள் இருக்கிறது, திரும்பிவிடும் என்று நர்ஸ் சொன்னாளாம். தலை மேலே இருந்தால் அது எப்படித் தலைகீழ் ஆகும் என்று நான் கேட்டேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெற்றவர்கள் இல்லாத அவளுக்குத் தாய்வீடு எங்கள் வீடுதான். பள்ளி விட்டு வந்ததும் நான் பையைக்கூடக் கழற்றாமல் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். அவள் காப்பி குடித்தால் பிள்ளை நன்றாக உதைக்கும். அதற்காகவே இரண்டாவது காப்பி கேட்பாள்.

ஒரு சனிக்கிழமை காலையில், "நேத்துலருந்து அசையவே இல்ல மதினி," என்று அம்மாவிடம் சொன்னாள். மாமா வேனோடு வந்து கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல், டாக்டரிடம் காட்டுங்கள் என்று கவரைக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் நான்கு மணிக்குத்தான் வருவாராம். சாப்பிடலாம் என்று வீட்டுக்கு வந்தார்கள். மாமா கைகால் கழுவப் போனதும் அத்தை என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, வாசி."

ஃபீட்டல் கார்டியாக் ஆக்டிவிட்டி, ஆப்சென்ட்.

அகராதியே தேவைப்படவில்லை. ஆப்சென்ட் தெரியாத பிள்ளை உண்டா?

"பாப்பாவோட ஹார்ட் இன்னிக்கு ஆப்சென்ட் அத்தே," என்றேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துடும்," என்றும் சொன்னேன்.

அத்தை அழவில்லை. காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "மாமாட்ட இப்பம் சொல்லாத. காலைலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. சாப்பிட்டுக்கிடட்டும்."

அவளே பரிமாறினாள். முருங்கைக்காய் சாம்பார், பொரித்த அப்பளம். மாமா என்னைப் பார்த்து, "கவர்ல இன்னா கண்ணு எழுதிக்கீது? பையன் எப்டிக் கீறானாம்?" என்று கேட்டார்.

"டாக்டர் சொல்லுவாங்க. நீங்க சாப்பிடுங்க," என்றாள் அத்தை.

"போதும்மே," என்று அவர் தடுக்கத் தடுக்க இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் ரசத்துக்கும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடிக்கும் வரை, சுவரில் சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் கழித்து இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். ஆண் பிள்ளை என்று அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. மாமா வேனை விட்டு இறங்க வெகுநேரம் ஆயிற்று. அத்தைக்கு அதற்குப் பிறகு பிள்ளை தங்கவில்லை. என்னிடம் எதையும் வாசிக்கக் கொடுக்கவும் இல்லை. அடுத்த வருடம் ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு முடிந்தன. இன்றைக்கும் ஏதாவது லோடு வேன் வாசலில் நின்றால் ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். அவன் இருந்திருந்தால் இந்நேரம் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பான்.

அந்தச் சனிக்கிழமையில் இன்னும் ஒன்று உண்டு. மாமா சாப்பிட்டு எழுந்து, வேனைத் திருப்பி நிறுத்தப் போன நேரத்தில் அத்தை மறுபடி என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"இன்னொருக்க வாசி. மெல்ல."

வாசித்தேன்.

"கீழ வேற ஏதும் போட்டிருக்கா? நல்லாப் பாரு."

கீழே ஒரு கையெழுத்துதான் இருந்தது. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல அத்தே."

"திரும்ப வாசி."

மூன்றாவது தடவை நான் எழுந்து நின்று, டீச்சர் சொல்லித் தந்தபடி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, உச்சரிப்புப் பிசகாமல் வாசித்தேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் இங்கிலீஷ் அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்து, அவள் கேட்காமலேயே இன்னொரு தடவையும் வாசித்தேன்.