உப்புக் காற்றும் ஹார்ட் டிஸ்க்கும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போகலாம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் பறக்கும் என்றார் பொன்னேரியில் கடை வைத்திருப்பவர். பறக்க வேண்டாம், நடந்தால் போதும் என்று சொல்லி ஒன்றை வாங்கி வந்தேன். எங்கள் கிராமத்திலிருந்து தினமும் ஏரியைக் கடந்து போய், பொன்னேரியில்தான் நானும் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டரோடு பழக்கம் உண்டு, பெரிய ஞானம் ஒன்றும் இல்லை.

பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போடும் எண்ணம் கிடையாது. அதில் நைனாவின், அதாவது என் அப்பாவின், குரல் இருந்தது. தொண்டையில் புற்றுநோய் வந்து அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறார், பேச்சு இல்லை. நோய் வருவதற்கு முன் நான் சும்மா போனில் எடுத்த சில வீடியோக்கள் கம்ப்யூட்டரில் கிடந்தன. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை, வீட்டில் அவர் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்தப் போன் படகிலிருந்து இறங்கும்போது ஏரியில் விழுந்துவிட்டது. ஆக, அவருடைய குரல் மிச்சம் இருந்தது அந்த டிஸ்க்கில் மட்டும்தான். ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. அவரை வைத்துக்கொண்டு போட எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"அதுல நைனா கொரல் கீதே. ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஒண்ணும் ஆவாதும்மா. அது பாட்டுக்கு உள்ளயே இருக்கும். புதுசு ஒண்ணு கூட சேருது, அவ்ளோதான்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த நைனா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு நான் தொட்டுக் காட்டிய பழைய டிஸ்க்கைப் பார்த்தார்.

வேலை நல்லபடியாகவே முடிந்தது. சீட்டுக்கட்டு அளவிலிருந்த புதியதில் விண்டோஸை ஏற்றினேன், பழையதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டினேன். இரண்டும் தெரிந்தன, வீடியோ ஃபோல்டரும் பத்திரமாக இருந்தது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை மூட மட்டும் முடியவில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது, திருகாணியெல்லாம் துருவேறித் தலை மழுங்கிப்போயிருந்தது. வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து ஆன் செய்தேன். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. கடைக்காரர் சொன்னது பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீடியோக்களைத் தேடினேன். ஃபோல்டரைக் காணோம். பழைய டிஸ்க்கையே காணோம்.

ரீஸ்டார்ட் செய்தேன். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன், புதியதின் பெயர் மட்டும் இருந்தது. ஒயரை மதர்போர்டில் வேறு இடத்தில் செருகிப் பார்த்தேன். அப்போதும் அதே கதை. டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டேன். சுற்றுகிற சத்தம் இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"சத்தமே வரலன்னா டிஸ்க் அவ்ளோதான் மேடம். கயட்டி எடுத்துக்கினு வாங்க, மெட்ராஸ்க்கு அனுப்பிப் பாக்கலாம். ஆனா வரும்னு சொல்ல முடியாது."

அம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். அலசி வைத்த மீனை மறுபடியும் அலசிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

கடைக்கு எடுத்துப் போகலாம் என்று மெயினை அணைத்துவிட்டு டிஸ்க்கின் பின்பக்கத்திலிருந்து ஒயரை இழுத்தேன். வழுக்கியது. விரலில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், படகு என்ஜின் வாசனை. கரண்ட் வரும் ஒயரின் முனையிலும், டிஸ்க்கில் அதைச் செருகும் இடத்திலும் கிரீஸ் அப்பியிருந்தது. நடுநடுவே மணலும் இருந்தது.

இது யார் வேலை என்று விசாரிக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் எந்த முனையும் சும்மா இருக்காது. என்ஜின் ஒயர், பாட்டரி, பூட்டு, தாழ்ப்பாள், சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் கிரீஸ்தான். பூசாமல் விட்டால் உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும். நைனா காலமெல்லாம் படகு ஓட்டியவர், கிரீஸ் டப்பா இன்னும் அவர் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"நைனா, இது இன்னா படகு என்ஜினா? யாரு உன்ன இதத் தொடச் சொன்னது?"

முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவர் பத்து சொல்வார். திருப்பிப் பேச முடியாத மனிதரிடம் கத்துவது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் எழுந்து வந்தார். டிஸ்க்கைத் தொட்டார், தன் தொண்டையைத் தொட்டார். பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

புதியதை அவர் தொடவே இல்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. தன் குரல் இருந்த டிஸ்க்குக்கு மட்டும்தான் கிரீஸ் பூசியிருக்கிறார். கோபம் உடனே போய்விடவில்லை, ஆனால் மேற்கொண்டு திட்டவும் வாய் வரவில்லை.

அவர் கழுத்துக் குழாய் சாமான்களைத் துடைப்பதற்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்பிரிட் வீட்டில் இருந்தது. பஞ்சுக் குச்சியை அதில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். நைனா குச்சியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நன்றாகக் காயவிட்டுச் செருகி ஆன் செய்தேன். டிஸ்க் ஊம் என்று சுற்ற ஆரம்பித்தது. ஃபோல்டர் வந்துவிட்டது.

வீடியோ ஓடுகிறதா என்று பார்க்கிற அவசரத்தில், பக்கத்தில் அவர் நிற்பதையே மறந்துவிட்டு முதலில் இருந்ததைத் தட்டினேன். திரையில் நைனா தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். வீடு அதிர அவர் குரல் வந்தது.

"ஏம்மே, இது இன்னா சோறா கஞ்சியா? இப்டி கொழைஞ்சி கெடந்தா மனுசன் எப்டி துன்றது?"

"நாளைக்கி நீயே வந்து வடி, யாரு வேணான்னது?"

பதில் வீடியோவிலிருந்து வரவில்லை, அடுப்படியிலிருந்து வந்தது.

அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். ஒரு கையில் கிண்ணம், மறு கையில் மத்து. ஆபரேஷனுக்குப் பிறகு நைனாவுக்குப் பருக்கையாகச் சோறு இறங்குவதில்லை. தினமும் குழைய வடித்து, அதையும் கடைந்துதான் அம்மா கொடுக்கிறாள்.

நைனா கிண்ணத்தைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்பது எனக்குத் தெரிய சற்று நேரம் ஆனது. அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான்.

"இன்னொரு வாட்டி போடு," என்றாள் அம்மா. "திட்டட்டும்."