நீதிபோதனை வகுப்பில் நான் சொன்ன பதில்

மதுக்கரையில் நான் ஏழாவது படித்தபோது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நீதிபோதனை. அட்டவணையில்தான் அப்படி. உண்மையில் அந்த நேரத்தைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். அவர் வராத வாரங்களில் எங்களை மைதானத்துக்கு விரட்டிவிடுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம், புதிதாக வந்த தமிழ் டீச்சர் அந்தப் பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நீதி சொல்லப்போகிறார் என்று நாங்கள் தூங்கத் தயாரானோம். அவரோ மேல் அட்டை போன ஒரு பழைய நாவலைக் கொண்டுவந்து வாசிக்கத் தொடங்கினார்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை. யுத்தத்துக்குப் போன மகன் அங்கேயே இறந்துவிடுகிறான். தந்தி மருமகள் கைக்கு வருகிறது. மாமனார் படுத்த படுக்கை. மகன் வருவான் என்பதற்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவர். அவள் தந்தியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, தினமும் காலையில் குளித்துப் பொட்டு வைத்து, தலையில் பூ வைத்து, அவர் முன்னால் போய்க் கஞ்சி ஊட்டுகிறாள். ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை டீச்சர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, அவள் செய்தது சரியா தப்பா என்று எங்களைக் கேட்டார். பரீட்சைக்கு வராது, அதனால் மனதில் பட்டதைச் சொல்லலாம் என்றார்.

எங்களிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் வகுப்பு முழுக்கக் கரும்பலகையைப் பார்த்தது, பதில் அங்கே எழுதியிருப்பதுபோல. பிறகு நான் எழுந்தேன்.

"பொய் பொய்தானுங்க டீச்சர். மகன் செத்ததுக்கு அழுகறதுக்கு அவருக்கு உரிமை இருக்குதுங்க."

உரிமை என்ற சொல்லைக் குடிமையியல் பாடத்திலிருந்து எடுத்திருந்தேன். அது நன்றாகவே வேலை செய்தது. பின்வரிசைப் பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் மகள் மட்டும், அழுதுவிட்டு அந்தக் கிழவர் என்ன செய்யப்போகிறார் என்று முணுமுணுத்தாள். டீச்சர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சரி கண்ணு. நீதான் அந்த மருமகள்னு வெச்சுக்க. சொல்லிப்போட்டே. அடுத்த நாள் காத்தால என்ன செய்வே?"

அந்த இடம் கதையில் இன்னும் வரவில்லையே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத காலம் அது. ஆடி மாதத்திலிருந்தே வயிற்று வலி. சாப்பிட்டது தங்காது. ஊராருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், தன் ரவிக்கைகளையே நான்கு முறை பிடித்துத் தைத்துவிட்டாள். அப்பா சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். ஷிப்டை மாற்றிப் போட்டுக்கொண்டு அம்மாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவார். வயிற்றுப்புண், மருந்தில் ஆறிவிடும் என்று சொல்லியிருந்தார். சமையலுக்கு அன்னூரிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் டீச்சர் வாசித்ததை அன்று சாயங்காலமே அம்மாவுக்குச் சொல்லிவிடுவேன். தையல் மிஷினில் சாய்ந்துகொண்டு கேட்பாள். பூ வைத்துக்கொள்ளும் இடத்தைச் சொன்னபோது கையிலிருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம், "பாவம் அந்தப் புள்ள. சிரிச்ச மொகமா இருக்கறதுக்கு என்ன பாடுபட்டிருப்பா" என்றாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் எதிர்பார்த்தது கிழவருக்கான பரிதாபம். என் பதிலையும், வகுப்பே திரும்பிப் பார்த்ததையும் சொன்னேன். நன்றாகச் சொன்னாய் என்று கன்னத்தைத் தட்டினாள்.

விடுமுறையில் அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு மதியம், அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் பின்பக்கம் கொய்யா மரத்தில் இருந்தேன். துணி துவைக்கும் கல்லருகே அப்பாவும் அத்தையும் பேசிக்கொண்டது மரத்துக்குத் தெளிவாகக் கேட்டது. புற்று ஈரலுக்கும் பரவிவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, பொங்கல் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"அவளுக்குத் தெரியக் கூடாதுக்கா" என்றார் அப்பா. "தெரிஞ்சா அன்னைக்கே உசுர விட்டுருவா."

பிறகு தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மாத்திரையை வேளைக்குப் போட்டால் தீபாவளிக்கு முறுக்குச் சாப்பிடலாம் என்று அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது. அவர் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான்கு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அழுகை ஒரு பக்கம். வகுப்பில் எழுந்து நின்று சொன்ன வார்த்தை இன்னொரு பக்கம். சும்மா இருந்தால் என்னை நானே பொய்க்காரி ஆக்கிக்கொண்டதாக இருக்கும் என்று தோன்றியது. அம்மாவுக்கு உரிமை இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். இத்தனை பெரிய விஷயத்தைத் தனியாக வைத்திருக்கப் பயமாக இருந்தது என்பதும், பயம் வந்தால் அம்மாவிடம் ஓடித்தான் எனக்குப் பழக்கம் என்பதும் அப்போது கணக்கில் வரவில்லை.

சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போயிருந்தார். அத்தை ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். அம்மா என் பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கு வயித்துப்புண் இல்ல" என்றேன்.

ஊசி நின்றது. அவள் என்னைப் பார்க்காமல், வாசல் கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னாள். சாத்திவிட்டு வந்து, மரத்திலிருந்து கேட்டது முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொங்கலையும் சொன்னேன். முடித்த பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். நான்தான் அழுதேன்.

"எனக்குத் தெரியுங் கண்ணு" என்றாள். "அந்த வார்டுல என்ற கூட உக்காந்திருந்தவிங்களப் பாத்தேனல்ல."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். ஆவணியிலிருந்து என்றாள். அப்படியானால் ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் நம்பறேன்னு நெனச்சுட்டுத்தான் உங்கப்பாரு சோறு திங்கறாரு. அதைக் கெடுத்துப்போடாதே."

என் தலையைத் தொட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிறகு என் முகத்தைத் துடைத்துவிட்டு, பாவாடையை என் இடுப்பில் வைத்து அளவு பார்த்தாள்.

அதற்குப் பிறகு அப்பாவும் அத்தையும் அம்மாவிடம் ஒளித்தார்கள், அம்மாவும் நானும் அவர்களிடம் ஒளித்தோம். அப்பா முறுக்குக் கதை சொல்லும்போது அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அவள் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர ஆரம்பித்தாள். ரசத்துக்குப் புளி எவ்வளவு, அப்பா சட்டைக்குக் கஞ்சி போடுவது எப்படி, வயதுக்கு வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எந்தப் புடவை யாருக்கு. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கார்த்திகையில் நாவல் முடிந்தது. கிழவர் வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். கடைசிவரை மருமகள் சொல்லவேயில்லை. டீச்சர் பழைய கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. சொல்லிவிட்டால் அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாம் என்றேன். டீச்சர், நன்றாக யோசித்திருக்கிறாய் என்றார்.

அம்மா பொங்கலுக்கு ஆறு நாள் முன்பு இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டமுங்க." அந்த ஒரு ஆறுதலை வைத்துக்கொண்டு அவர் இன்னும் இருபத்தைந்து வருஷம் இருந்தார். நான் சத்தியத்தை மீறவில்லை.

ஆனால் அம்மாவுக்கு நான் செய்தது என்ன என்பது புரிய, நானும் ஒரு பெண்ணைப் பெற்று, அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பா முன்னால் அம்மா ஒன்றும் தெரியாதவளாக நடித்தாள். அத்தை முன்னாலும் அப்படியே. ஒன்றுமே தெரியாமல் அந்த வீட்டுக்குள் வந்துபோனவள் நான் ஒருத்திதான். சாயங்காலம் நாலரை மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரை என்னோடு அம்மா சாகப்போகிறவளாக இருக்கவேண்டிய அவசியமில்லை; அதை மறைக்கவேண்டிய அவசியமும் இல்லை. ரிப்பனைத் தொலைத்துவிட்டு வந்ததற்குத் திட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நடந்துகாட்டுவாள். வருகிற கோடையில் ஆனைமலைக் கோயிலுக்குப் போகலாம், ஜன்னல் சீட்டு எனக்குத்தான் என்பாள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அம்மா என்னை ஒருமுறைகூடத் திட்டவில்லை. கோடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு விவரம் வந்துவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.