தனி வாசலில் நின்ற ரெஜினா

என் மூத்த பேத்தி சிதம்பரத்தில் நர்சிங் முடித்து, பாண்டிச்சேரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பியை டிப்ளமோ முடித்த கையோடு செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். சின்ன மகன் வீட்டுப் பெண் ஓட்டப்பந்தயத்தில் மாவட்ட அளவில் கோப்பை வாங்கினாள். அவள் அண்ணன் கவின், போன மாதத்திலிருந்து சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறான்.

இதையெல்லாம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் போடத்தான் அன்று காலையில் போனை எடுத்தேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவதற்குள் டீ ஆறிவிடும். பொத்தான் விஷயத்துக்கு வந்தபோது மேலே ஒரு செய்தி வந்து நின்றது. ரெஜினா மேரி விடியற்காலை நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று அவருடைய அண்ணன் போட்டிருந்தார். நான் தட்டியிருந்ததை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. கவின் வந்து போனைப் பிடுங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினா கடலூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தவர். வீட்டுக்காரர் முன்பே தவறிவிட்டார். ஒரே பெண் ஷீபா. பிறந்ததிலிருந்து அவளுக்குக் கையும் காலும் சொன்னபடி கேட்காது, சக்கர நாற்காலிதான். பேச்சு மெதுவாக வரும், ஆனால் எல்லாம் புரியும். சிதம்பரத்தில் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற கூடத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் என் பேரப்பிள்ளைகளின் பெருமையை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். கவின் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"அந்த மூலையில ஃபேனப் பாத்துகிட்டு நிக்கிறானே, அவன் யாரு ஆயா? பக்கத்து வீட்டுப் புள்ளையா?" என்று கேட்டார்.

"என் பேரன்தாம்மா."

"அப்ப அவனையும் சொல்லுங்க. வரிசையில ஒரு ஆளு கொறையுதேன்னு பாத்தன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவனைப் பற்றிச் சொல்ல என்னென்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

நம்மை எல்லாம் முதன்முதலில் சென்னைப் பக்கத்துத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போனவர் அவர்தான். கவினுக்குக் கூட்டத்தில் வரிசையில் நிற்க முடியாது. காதைப் பொத்திக்கொண்டு கத்துவான், தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். ஊனமுற்றோர் அட்டை இருந்தால் தனி வாசல் விடுகிறார்கள், ராட்டினத்துக்கும் வரிசையில் நிற்க வைக்க மாட்டார்கள் என்று அவர்தான் விசாரித்துச் சொன்னார்.

அட்டை எங்களிடம் இருந்தது. வாசலில் நின்ற பையன் அதை வாங்கி, படத்தைப் பார்த்தான், கவினைப் பார்த்தான். "பாட்டி, இது வேற பையன்" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டும் என்று வருடா வருடம் மொட்டை போடுவதாக எங்கள் வீட்டில் வேண்டுதல். மொட்டை போட்டு, சந்தனம் பூசிய மறுநாளே அட்டைக்குப் படம் எடுத்திருந்தோம். அன்றைக்கோ தீம் பார்க் போகிறோம் என்று அவன் அம்மா எண்ணெய் வைத்து, முடியைப் படியச் சீவி, மாப்பிள்ளை மாதிரி கொண்டு வந்திருந்தாள்.

கவின் காதைப் பொத்த ஆரம்பித்துவிட்டான். நான் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். ரெஜினா சத்தம் போடவில்லை. அந்தப் பையன் கழுத்தில் தொங்கிய அட்டையைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இதுல மீசை இல்ல. ஒல்லியா வேற இருக்க. உன்ன எப்படி உள்ள விட்டாங்க?"

அவன் சிரித்துவிட்டான். மேலாளரைக் கூப்பிட்டான். அவர் வந்து பெயரையும் பிறந்த தேதியையும் ஒத்துப்பார்த்து, கவின் கையில் ஒரு பட்டை கட்டிவிட்டார்.

அடுத்த வம்பு எங்களால்தான். கதவு திறந்ததும் கவினின் அப்பா, அம்மா, தங்கை, அவன் மாமா, அத்தை, நான் எல்லோரும் உள்ளே நுழையப் போனோம். பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் அதேபோல. ரெஜினா ஷீபாவின் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தினார்.

"எங்க போறீங்க எல்லாரும்? புள்ளைக்கு ஒரு ஆளு. மீதி பேரு அந்தப் பெரிய வரிசைக்குப் போங்க."

"இன்னாக்கா, குடும்பமா வந்துட்டுப் பிரிஞ்சி போவச் சொல்றீங்க?" என்றார் கவினின் மாமா.

"மச்சான் வூட்டுப் புள்ள பேரச் சொல்லி நீ ராட்டினம் ஏறணுமா? இந்தக் கதவத் தொறக்க வைக்கவே எத்தினி பேரு கெஞ்சியிருப்பாங்களோ. பொண்ணழைப்பு மாதிரி கும்பலா நொழைஞ்சா நாளைக்கு இதையும் மூடிருவாங்க."

மாமா வெயிலில் போய் நின்றார். அன்றைக்குக் கவினோடு உள்ளே போனவள் நான்.

ராட்டினத்தடியில் வரிசையில் நின்ற ஒருவர் எங்களைப் பார்த்து, "நல்லாத்தான இருக்கான், இவனுக்கு எதுக்குத் தனி வழி?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஷீபாவைத் தள்ளிக்கொண்டு வந்த ரெஜினா, "நல்லாத்தாங்க இருக்கான். நிக்கத்தான் முடியாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இதைவிடச் சிறிதாக, இதைவிடச் சரியாக யாரும் கவினைப் பற்றிச் சொன்னதில்லை. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் கல்யாண மண்டபத்திலும் இன்றுவரை நான் சொல்வது இதைத்தான்.

ஷீபாவுக்கு ஆசை ராட்டினம் இல்லை. அலை அடிக்கிற குளம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அவளை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறார்கள். மணலில் சக்கரம் புதையும், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புவாள். இங்கேயாவது நனையலாம் என்று வந்தால், சக்கர நாற்காலியைத் தண்ணீரில் இறக்கக் கூடாது, பாதுகாப்பில்லை என்றான் அங்கே நின்ற பையன். ரெஜினா சண்டை போடவில்லை. "சரிப்பா, முடியாதுங்கறத சொல்லிட்ட. எது முடியும்னும் சேத்து சொல்லு" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். "ஆயா, எனக்கு அலுத்துப் போச்சு. ஜாலியா இருக்க வந்த எடத்துலயும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கு" என்றார். முறுக்கை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தின்றார்.

அலுத்துப் போச்சு என்றவர், அதற்குப் பிறகும் விடாமல் அந்தப் பார்க்குக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு அம்மாள், தண்ணீரில் இறங்கும் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கியிருக்கிறோம், கூட ஒரு ஆள் வந்தால் எங்களிடம் வேலை பார்க்கும் பெண் ஒருத்தியும் சேர்ந்து இறக்குவாள், ஜனவரியில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதை ரெஜினா குரூப்பில் பேசி அனுப்பிய குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. பின்னால் ஷீபா சிரிப்பதும் கேட்கும்.

அடக்கத்துக்குப் போயிருந்தோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு படி. ஆண்பிள்ளைகள் ஓடிவந்து ஷீபாவை நாற்காலியோடு தூக்கப் போனார்கள். அவள் உடம்பு விறைத்துக்கொண்டது. "அவளக் கேட்டுட்டுத் தூக்குங்கப்பா" என்றேன். நின்றார்கள், கேட்டார்கள். அவள் தலையை ஆட்டிய பிறகு தூக்கினார்கள். எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்தபோது ஷீபா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வார்த்தை வர நேரமானது. காத்திருந்தேன்.

"ஆயா. ஜனவரி?"

பார்ப்போம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குரூப்பில் நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்தேன். ஜனவரியில் பார்க் வேண்டாம், ரெஜினா இல்லாமல் யார் பேசுவது, யார் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எனக்கும் வயதாகிவிட்டது. கேட்டு நிற்பதில் எனக்கும் அலுப்பு இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியை அவர்கள் வாங்கி வைத்துவிட்டார்கள். நாம் போகாவிட்டால் அது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும்.

நேற்று நானே அங்கே போன் போட்டேன். வெகுநேரம் பாட்டு ஓடியது, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளே எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், நாற்காலி தயாராக இருக்கிறது, வாருங்கள் என்றார். கவினோடு அவன் அம்மா போவாள். ஷீபாவோடு நான் போகிறேன். என் முட்டி வலியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் பிடித்துக்கொண்டு நடப்பதுதானே. இதையும் ஷீபாவிடம் கேட்டுவிட்டேன். சரி என்றாள்.

ரெஜினா சட்டம் பேசுவார், இங்கிலீஷ் பேசுவார். அதெல்லாம் எனக்கு வராது. சத்தம் போடாமல், அழாமல் வாசலில் நின்று கேட்பது மட்டும் அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.

குரூப் முகப்பில் இப்போது மாலை போட்ட படம் இருக்கிறது. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் இருக்கட்டும். நாம் போய்வந்த பிறகு யாராவது அங்கே ஒரு புதுப் படம் போடுங்கள். வாசலில் கும்பலாக நின்று எடுக்கிற படம் வேண்டாம். ஷீபா தண்ணீரில் இருக்கிற படமாகப் போடுங்கள்.