ஊதுகிறவரின் இழுப்பு

ஏஞ்சலைக் கேட்டால் சொல்வாள்: ஒரு மனிதனுக்கு ஆஸ்துமா வந்தால் அதைச் சமாளித்துவிடலாம், அவன் ட்ரம்பெட் ஊதுகிறவனாகவும் இருந்துவிட்டால்தான் கூட இருப்பவளுக்கு உயிர் போகும் என்று.

அவள் கணவர் ஜெபகுமாருக்கு நாற்பத்தாறு வயது. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்காரர். அவர் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். இவர் பதினாறு வயதில் சர்ச் பேண்டில் ட்ரம்பெட்டைக் கையில் எடுத்தார்; அதன் பிறகு கீழே வைக்கவே இல்லை. காஞ்சிபுரத்தில் பேண்டு வாத்தியத்துக்கு வேலை குறைவதில்லை. கல்யாண ஊர்வலம், காதுகுத்து, அம்மன் வீதிஉலா, சாவு என்று மாதத்தில் பாதி நாள் அவர் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூச்சு விடாமல் அவர் பிடிக்கிற நீளமான சுரத்துக்கு மாப்பிள்ளையின் தோழர்கள் கைதட்டுவார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் இருமல் வந்தது. மழை போயிற்று, இருமல் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதைப் போல ஒரு சத்தம். கேட்டால், சளி என்பார். ஆடாதொடை கஷாயம் குடித்தார். தூதுவளையைத் துவையலாக அரைக்கச் சொன்னார். ஆந்திரா பக்கம் எங்கேயோ இதற்கு உயிர்மீனை விழுங்க வைக்கிறார்களாம் என்று எதிர்வீட்டு அப்பாதுரை சொன்னதைக் கேட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் விழுங்கிவிட்டும் வந்தார். போன வழியிலேயே தூசியில் இழுப்பு அதிகமாகி, திரும்பி வந்ததும் கிளினிக்கில் ஊசி போட வேண்டியதாயிற்று.

அந்தக் கிளினிக் டாக்டர்தான் இது சளியில்லை, ஆஸ்துமா என்றார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். ஜெபகுமார் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சட்டையோடு சேர்ந்து அது துவைக்கப்பட்டது.

"பம்ப் புடிச்சா அப்புறம் உடவே முடியாதாம்மா. அதுக்கே அடிமையாயிடுவோம்" என்றார்.

"மீனு முழுங்கறதுக்கு அடிமையாவ மாட்டியா?" என்று ஏஞ்சல் கேட்டாள்.

உண்மையான காரணம் அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். ட்ரம்பெட்காரனுக்கே மூச்சு இல்லை என்று வெளியே தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பயம்தான். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஊரே கேட்கும்படி ஊதத் தெரிந்த வாய், வீட்டில் ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்றது. அவளுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஏஞ்சல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வரும். அதற்குள் சமைத்து, இவருக்குச் சுடுதண்ணீர் வைத்து, முதுகைத் தடவிவிட்டு ஓட வேண்டும். இப்படி நான்கு வருஷம் ஓடிய பிறகு ஒரு நாள் அவளே கிளினிக்கில் மறுபடி சீட்டு எழுதி வாங்கி, மருந்துக்கடையில் இன்ஹேலரை வாங்கி வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இதை எடுத்தால்தான் சோறு என்றாள். அன்றைக்கு அவர் சண்டை போடவில்லை. தினமும் காலையும் மாலையும் அதை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து புஸ், புஸ் என்று இரண்டு தரம் சத்தம் கேட்கும். ஏஞ்சலுக்குக் கொஞ்சம் நிம்மதி.

மூன்று மாதமாயிற்று. இழுப்பு ஒரு துளி குறையவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்றார் ஜெபகுமார்.

ஏஞ்சல் மருந்துக்கடைக்குப் போய்ச் சரக்கு பழசா என்று சண்டை பிடித்தாள். வேறொரு டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் வேறொரு இன்ஹேலர் எழுதினார். அதுவும் கேட்கவில்லை. கம்பெனியில் கூட வேலை செய்கிற ஒருத்தி, யாராவது செய்வினை வைத்திருப்பார்கள் என்றாள். அவளோடு ஏஞ்சல் ஒரு வாரம் பேசவில்லை.

அப்புறம்தான் தாமல் கிராமத்தில் ஒரு சாவு வந்தது. பெரிய வீட்டுச் சாவு. பேண்டுக்கு நாலடி முன்னால் சரவெடியைக் கொளுத்திப் போட்டுக்கொண்டே போனார்கள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. புகை முழுவதும் ஊதுகிறவர்கள் முகத்தில். ஒவ்வொரு அடிக்கும் ஆழமாக மூச்சை இழுத்தாக வேண்டிய ஜெபகுமார், அத்தனை புகையையும் உள்ளே இழுத்தார். ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் ட்ரம்பெட் நின்றுபோயிற்று. டிரம் அடிக்கிற சிட்டிபாபு திரும்பிப் பார்த்தபோது, அவர் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு வரவில்லை. சிட்டிபாபு அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

ஏஞ்சல் கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்தபோது அவருக்கு முகமூடி வைத்து ஆவியாக மருந்து போய்க்கொண்டிருந்தது. நீலக் கோட்டின் பொத்தான்கள் கழற்றப்பட்டிருந்தன. பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே வந்தவள், அவர் கண்ணைத் திறந்து பார்த்ததும் அழுகையை விட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் மூச்சு கொஞ்சம் அடங்கியதும் சங்கரி என்கிற நர்ஸ் வந்தாள். வீட்டில் எடுக்கிற மருந்தைக் காட்டச் சொன்னாள். ஏஞ்சல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"எப்படி எடுப்பீங்க, எனக்கு எடுத்துக் காட்டுங்கண்ணா" என்றாள் சங்கரி.

ஜெபகுமார் வெட்கத்தோடு வாங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ட்ரம்பெட்டைப் பொருத்துவதைப் போலவே அதை உதட்டில் பொருத்தினார். கன்னம் இரண்டும் உப்பின. மருந்தை அழுத்தினார், அதே நேரத்தில் பலமாக ஊதினார். வெள்ளைப் புகை மொத்தமும் வெளியே வந்து சங்கரியின் முகத்தில் அடித்தது.

சங்கரி சிரிக்கவில்லை. ஏஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மாதத்துக்கு மேல். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. கதவைச் சாத்திக்கொண்டு இந்த மனிதர் பாத்ரூம் சுவருக்கு மருந்து கொடுத்திருக்கிறார்.

"இழுக்கணும்யா. ஊதக்கூடாது. யாராவது ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாள் ஏஞ்சல்.

"வாயில வச்சா ஊதத்தானே தெரியும் எனக்கு" என்றார் அவர், மிகவும் மெதுவாக.

எழுதிக் கொடுத்த டாக்டர்கள் இரண்டு பேரும், விற்ற கடைக்காரரும், வாங்கி வந்த தானும் ஒரு தரம்கூட எடுத்துக் காட்டச் சொல்லவில்லையே என்று அவளுக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது.

சங்கரி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிக் குறுகிப் போயிருக்கிறது. அதனால் உள்ளே போன காற்று வெளியே வரத்தான் தவிக்கிறது, அந்தத் தவிப்புதான் நெஞ்சில் கேட்கிற விசில். அந்த வீக்கத்தை வற்றவைக்கிற மருந்து தினமும் உள்ளே போக வேண்டும். முதலில் குலுக்கு. இருக்கிற காற்றை வெளியே விடு. பிறகு வாயில் வைத்து, அழுத்திக்கொண்டே மெதுவாக இழு. பத்து எண்ணும் வரை அடக்கு. முடிந்ததும் வாயைக் கொப்பளி. அப்படியும் கைக்கும் மூச்சுக்கும் கணக்கு ஒத்துவராததால், மருந்து தங்கி வருகிற ஒரு பிளாஸ்டிக் குடுவையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அடக்குவது மட்டும் ஜெபகுமாருக்குச் சுலபமாக வந்தது.

மூன்று வாரத்தில் விடியற்காலைச் சத்தம் நின்றது. ஏஞ்சல் தூக்கம் கலையாமல் அலாரம் அடிக்கும் வரை தூங்கினாள். இரண்டு மாதத்தில் அவர் மருந்தை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, சரியாகிவிட்டதே என்றார். சரியானதே மருந்தால்தான் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த மழைக்கு இழுப்பு திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பாடம் அவர் மண்டையில் ஏறியது.

வெடி விஷயத்தை அவளே கையில் எடுத்தாள். பேண்டைக் கூப்பிட வருகிறவர்களிடம், வெடி ஒரு தெருவாவது முன்னால் போக வேண்டும் என்று சொல்லிவிடுவாள். சிலர் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டார் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பேண்டு செட்டைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகட்டும் என்றாள்.

இப்போது அவர் மருந்தை ஒளிக்கிறதில்லை. அதில் வேறு தொல்லை. போன மாதம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் கிளம்பக் காத்திருந்தது. ஏஞ்சலும் சொந்தக்கார வீடு என்பதால் போயிருந்தாள். பூக்கட்டுகிற அம்மா ஒருத்தி இருமிக்கொண்டிருந்தாள். ஜெபகுமார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இன்ஹேலரை அவள் கையில் திணித்து, "இழும்மா, ஊதாத, இழு" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஏஞ்சல் ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள்.

"அவங்களுக்கு இன்னா வியாதின்னு உனக்குத் தெரியுமா? அவங்கள ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு. நீ போய் வாசிக்கிற வேலையப் பாரு."

சிட்டிபாபு டிரம்மில் குச்சியைத் தட்டினான். ஜெபகுமார் முனகிக்கொண்டே எழுந்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு வரிசையில் போய் நின்றார்.