அண்ணன் கணக்கு

சிரிப்பு மேடைக் கலைஞர் தோகாவா, பொரிப்புக் கடை இவாகிச்சிக்கு ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் யென் பாக்கி வைத்திருந்தார். அதில் அவர் தின்றது கால்வாசிகூட இருக்காது. மற்றதெல்லாம் தம்பிமார்கள் தின்றது. ஒசாகாவில் மேடைத் தொழிலுக்கு முதலில் வந்தவர் அண்ணன், பிறகு வந்தவர் தம்பி. வயதுக்கு அங்கே பேச்சில்லை. அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது தம்பி பணப்பையைத் தொடக்கூடாது. மேடைக் கூலியில் ஒரு பீர்கூட வாங்க முடியாத அண்ணனுக்கும் இதே சட்டம்தான்.

இவாகிச்சி இதெல்லாம் தெரியாத ஆளா? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஒரு துணிமூட்டையோடு ரயிலிறங்கி, எவன் தயவும் இல்லாமல் எண்ணெய்ச் சட்டியருகே நின்று நின்றே சொந்தக் கடை பிடித்தவர். தோகாவா மேடையேறும் அரங்கத்தின் பின்சந்தில் எட்டே நாற்காலிதான். ஆனால் அவர் குச்சியில் குத்திப் பொரித்த மாட்டிறைச்சிக்கு ஈடாக அந்த வட்டாரத்தில் இன்னொன்று உண்டென்றால் சொல்பவன் நேரில் வரட்டும்.

ஒரு மத்தியானம் மிசுனுமா வந்தார். தொலைக்காட்சியைத் திறந்தால் அவர் முகம்தான். தோகாவாவைவிட மூன்று வயது மூத்தவர். மேடைக்கு வந்தது ஒரு வருடம் பிந்தி. அதனால் இன்றைக்கும் தம்பிதான். ஓர் உறையை எடுத்து வைத்தார்.

"மாஸ்டர், அண்ணன் கணக்கை இதுல முடிச்சிடுங்க. நான் பட்டினி கிடந்தப்ப சோறு போட்டவரு. ஆனா அவருக்கு மட்டும் தெரியக்கூடாது."

இவாகிச்சி வாய் நிறையச் சிரித்தபடி வாங்கிப் பெட்டியில் போட்டார். சாயங்காலமே தோகாவா இரண்டு புதுத் தம்பிகளோடு வந்தார்.

"மாஸ்டர், மூணு பீர், பத்துக் குச்சி. பழையபடி என் பேர்ல."

பெட்டி நிறைந்த குஷியில் இவாகிச்சியின் வாய் முந்திக்கொண்டது. "பழசு ஏது? எல்லாத்தையும் மிசுனுமா கட்டிட்டாரே!"

தம்பிகள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோகாவா, "ஓ, அப்படியா?" என்று சிரித்தார். சட்டைப்பையைத் துழாவி, பீருக்கான சில்லறையை வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு மாதம் அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை.

"கடைதான் சின்னது, வாய் அரங்கத்தைவிடப் பெருசு" என்றாள் மனைவி ஃபுசே.

"பாக்கி வசூலானது தப்பாடி?"

"யார் கையால வசூலாச்சு? அதையும் தம்பிங்க காதுல விழுற மாதிரி சொன்னீங்களே! அந்த மனுஷன் இனி எந்த மூஞ்சியோட அண்ணன்னு உக்காருவாரு?"

வங்கிக்காரனிடம்கூட வளையாத முதுகு இவாகிச்சியுடையது. மறுநாள் அரங்கத்தின் பின்வாசலில் மிசுனுமாவின் முன் அது வளைந்தது; கை உறையை நீட்டியது.

"இதைத் திருப்பி வாங்கிட்டா மட்டும் அவர் வந்துடுவாரா, மாஸ்டர்?" என்றார் மிசுனுமா.

"தம்பி அண்ணனுக்குக் காசு குடுக்கக் கூடாது. உதவி கேக்கலாமில்ல? உங்க டிவி நிகழ்ச்சிக்கு ஆள் வேணும்னு போய்க் கேளுங்க" என்றார் இவாகிச்சி.

"அத்தனை பேர் முன்னாடி என்னைக் கிழிச்சுத் தொங்கவிடுவாரு!"

"விடட்டுமே. அதுக்குத்தானே டிவிக்காரங்க சம்பளம் தர்றாங்க!"

மிசுனுமா உறையை வாங்கிக்கொண்டு தோகாவாவிடம் போனார். இடுப்பு வளையக் குனிந்து, "அண்ணே, நான் தனியா நின்னா எடுபடல. நீங்க வந்து காப்பாத்தணும்" என்றார்.

"டிவியில மூஞ்சி பெருசாத் தெரிஞ்சாப் போதுமாடா? தமாஷ் வேணாமா?" என்றார் தோகாவா. பிறகு, "சரி, எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

நிகழ்ச்சியில் தோகாவா மிசுனுமாவைக் கிழித்த கிழியில் ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த வாரமும்.

இலையுதிர்காலத்தில் ஒரு சாயங்காலம் கடை வாசலில் தொங்கிய துணித்திரை விலகியது. முன்னால் தோகாவா, பின்னால் தம்பிகள் வரிசை, அதன் கடைசியில் மிசுனுமா. ஒன்றும் தெரியாதவர்போல அவர் சுவரிலிருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், என் பழைய கணக்கை நானே முடிக்கிறேன். கையை நீட்டுங்க" என்றார் தோகாவா.

இவாகிச்சி கையிலிருந்த மாவை மேலங்கியில் துடைத்தார். "சத்தமா எண்ணுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவர் காதில் ஒரு குறையும் கிடையாது. தோகாவா கடைசி நாற்காலிவரைக்கும் கேட்கும்படி ஒவ்வொரு நோட்டாக எண்ணி, விரிந்த அந்தக் கையில் வைத்தார்.