யன்னல் இல்லாத சேர்வர்

கடந்த செவ்வாய்க்கிழமை சங்கத்துக் கொம்பியூட்டரில் எனக்குத் தெரியாத ஒன்றை நிறுத்திவிட்டேன். அதனால் அறுபத்திரண்டு பேருக்கு மறுநாள் கடலுக்குப் போக முடியாமல் போகப் பார்த்தது.

நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். இதைச் சொல்லி என்ன பயன்?

நான் ஒரு மீனவர் சங்கத்தின் ஒபிஸில் எழுதுவினைஞர் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு வாரத்தில் செவ்வாய்க்கிழமைதான் முக்கியம். கடலுக்குப் போகிறவர்களின் பட்டியலை அன்று பின்னேரம் மூன்று மணிக்குள் படை முகாம் வாசலில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் புதன் விடிய வள்ளங்கள் இறங்கும். மூன்று மணி தாண்டினால் அடுத்த செவ்வாய்தான்.

முந்தின வாரம் யாரும் இறங்கக் கூடாது என்று கடலை மூடியிருந்தார்கள். ஏன் மூடினார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஆகவே இந்த வாரமும் தவறினால் இரண்டு வாரம். வலையைப் பார்த்துக்கொண்டு பதினான்கு நாள் இருக்க முடியுமா?

முன்பு பட்டியலைக் கையால் எழுதிக் கொடுத்தோம். பிறகு கையெழுத்துப் பட்டியல் வேண்டாம் என்றார்கள். கொடுத்த பின் யாராவது இடையில் பெயர் சேர்த்துவிடலாமாம். அச்சடித்தது வேண்டும். அதற்காகக் கிண்ணியாவில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தும் பஸ்லி சேரைப் பிடித்து ஒரு புரோகிராம் எழுதுவித்தோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு இலக்கம், வள்ள இலக்கம் என்று ஒவ்வொன்றாகப் பதிந்து கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால், பட்டியல் அழகாக அச்சாகி வரும்.

இந்தச் செவ்வாய் வரவில்லை. முப்பத்தேழு பெயர் வந்து நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினேன். முப்பத்தேழு. கொம்பியூட்டரை அணைத்துப் போட்டேன். முப்பத்தேழேதான்.

பஸ்லி சேருக்குப் போன் எடுத்தேன். பாவம், பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித் தண்ணீரைக் கடந்து, இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து, லப்டொப் பையை மூன்று தரம் திறந்து காட்டி, பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் தன் லப்டொப்பை என் மேசையில் வைத்து, அதற்கும் சங்கத்துக் கொம்பியூட்டருக்கும் நடுவில் ஒரு வயரைக் கொழுவினார். பென் டிரைவிலிருந்து ஏதோ ஒன்றை எங்கள் மெஷினில் போட்டார். அவர் லப்டொப்பில் தட்ட, என் திரையில் இருந்த புரோகிராம் ஓடியது, நின்றது, பிறகு அசையவில்லை.

"அக்கா, இது இப்பிடியே இரிக்கட்டும். நான் தொழுதுட்டு, ரெண்டு வாய் சாப்பிட்டு ஓடி வாறன்" என்றார்.

எது இப்படியே இருக்க வேண்டும்? அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேள்வி கேட்க எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கை உயர்த்தாமல் இருந்த ஆள் நான்.

அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்காது. தவராசா அண்ணை வந்தார். வள்ளம் வைத்திருக்கிறவர். சங்கத்துப் பட்டியலைச் சைக்கிளில் முகாம் வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவரும் அவர்தான்.

"தங்கச்சி, என்ர வள்ள நம்பர் சரியாக் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. போனமுறை ஏழு ஒண்டாத் தெரிஞ்சதெண்டு வாசலில அரை மணித்தியாலம் நிப்பாட்டிப் போட்டினம்."

பார்க்கப் போனேன். புரோகிராம் அசையவில்லை. மவுஸை நகர்த்தினேன், தட்டினேன். செத்த மாதிரிக் கிடந்தது.

இப்படி மெஷின் இறுகினால் மூன்று பொத்தானை ஒன்றாக அழுத்தி, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியலைப் பார்க்க வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பார்த்தேன். எல்லாம் தெரிந்த பெயர்கள். ஒன்றைத் தவிர. வாயில் நுழையாத ஒரு பெயர். அதற்குத் திரையில் ஒரு யன்னல்கூட இல்லை. என்ன செய்கிறது, யாருக்காகச் செய்கிறது, ஒன்றும் தெரியவில்லை. பின்னால் சும்மா நின்றது.

"அண்ணை, இதில ஒண்டு நிக்குது. ஆருடையது எண்டு தெரியேல்ல."

"ஆற்றை எண்டு தெரியேல்லையோ?" அண்ணையின் முகம் மாறிவிட்டது. "அப்ப ஏன் வைச்சுக்கொண்டு இருக்கிறியள்? தூக்கி வெளியில போடுங்கோ!"

இதை வெளியூர்க்காரர் வாசித்தால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் பஸ் ஏறுகிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். கொண்டக்டர் ஒவ்வொரு பையாகத் தூக்கி, "இது ஆற்றை?" என்று கேட்கிறார். யாராவது "என்ர" என்று சொல்லும்வரை பஸ் நகராது. சொல்ல ஆளில்லாவிட்டால் குண்டோ என்ற பயத்தில் பஸ்ஸே வெறுமையாகிவிடும். ஒருமுறை சீட்டின் கீழ் மறந்துபோன ஒரு பையில் அரைக் கிலோ கத்தரிக்காய் இருந்தது. அதற்காக நாற்பது பேர் வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். யாரும் முறையிடவில்லை. யாருடையது என்று தெரியாத ஒன்றோடு இருக்கக் கூடாது — அவ்வளவுதான் சட்டம். அந்தச் சட்டம் என் விரலுக்குள்ளும் இருந்திருக்கிறது.

கீழே இருந்த 'நிறுத்து' பொத்தானை அழுத்தினேன்.

அது போனது. அதோடு எங்கள் புரோகிராமும் திரையிலிருந்து சட்டென்று மறைந்தது. புரோகிராமைத் திரும்பத் திறந்தேன். திறந்தது! நன்றாக அசைந்தது! அண்ணையின் வள்ள இலக்கத்தைப் பார்த்தோம். ஏழு ஏழாகவே இருந்தது.

"பாத்தியளோ, சனியன் போனதும் மெஷின் ஓடுது" என்றார் அண்ணை.

பஸ்லி சேர் ஒன்று பத்துக்கு வந்தார். லப்டொப்பில் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் தட்டினார். வயரைக் கழற்றி ஊதிக் கொழுவினார். "எலி ஏதும் கடிச்சிரிக்கோ?" என்று வயரைத் தடவிக்கொண்டே மேசைக்குக் கீழே போனார். பிறகு லப்டொப்பை அணைத்துப் போட்டார். அது பழைய லப்டொப். எழும்ப ஒரு யுகம்.

எனக்கு விளங்கிவிட்டது. நான் நிறுத்தியது அவருடையது.

சொல்ல வேண்டியதுதானே? தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன். தவராசா அண்ணையைப் பார்த்தேன். அவர் வாசலில் நின்று கடலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருடமாகப் பார்க்கும் கடலில் அன்று என்ன புதிதோ!

ஒன்றரை. ஒன்று நாற்பது.

பஸ்லி சேர் நெற்றியைத் துடைத்தார். "மன்னிச்சிக்கோங்க அக்கா. என்ட லப்டொப்தான் பழுது போல. கிண்ணியாக்குப் போய் மற்றதக் கொண்டாந்தாத்தான்... ஆனா மூணு மணிக்குள்ள ஏலாது."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சேர்... பின்னால ஒண்டு நிண்டது. பேர் விளங்கேல்ல. நான் நிப்பாட்டிப்போட்டன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"எப்ப?"

"நீங்கள் சாப்பிடப் போன உடன."

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இப்போதுதான் காது திறந்தது. "நான் அப்பவே சொன்னனான் சேர், கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ எண்டு" என்றார் தவராசா அண்ணை!

பஸ்லி சேர் கோபிக்கவில்லை. பெரிய மூச்சு விட்டுச் சிரித்தார். பென் டிரைவை எடுத்து, நான் நிறுத்தியதைத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டே சொன்னார்:

"அக்கா, என்ட லப்டொப்பில இரிக்கிறது கட்டளை மட்டும்தான் குடுக்கும். 'நில்லு', 'ஒரு அடி போ', 'கையில என்ன வச்சிரிக்காய், காட்டு' எண்டு. ஆனா அது உங்கட புரோகிராமோட நேர கதைக்கிறதில்ல. உங்கட மெஷினுக்குள்ள பின்னால ஒரு சேர்வர் இரிக்கு. அதுக்கிட்டத்தான் சொல்லும். சேர்வர்தான் புரோகிராமப் புடிச்சு நிப்பாட்டும், பார்க்கும், பார்த்தத எனக்குச் சொல்லும். நீங்க நிப்பாட்டினது அதைத்தான்."

"அப்ப புரோகிராம் ஏன் செத்துக் கிடந்தது?"

நானா கேட்டேன்? நானேதான்.

"சாகல்ல. நான் 'நில்லு' எண்டு சொல்லிட்டுப் போனன். நிண்டுட்டிருந்திச்சு."

"சேர்வருக்கு ஏன் யன்னல் இல்லை?"

"அதுக்குக் காட்டுறதுக்கு ஒண்டுமில்லையே. காதுதான் அதுட வேல. ஒரு கதவு நம்பர் குடுத்திரிக்கம். அந்தக் கதவுக்குப் பின்னால இருந்து கேட்டுட்டே இரிக்கும்."

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. அவர் தட்ட, சேர்வர் எங்கள் புரோகிராமை ஒவ்வொரு பெயராக நடத்திக்கொண்டு போனது. முப்பத்தேழு தாண்டியது. முப்பத்தெட்டில் "நில்லு" என்றார். நின்றது. "கையில் என்ன?" என்றார். காட்டியது.

ஒரு கோடு.

முப்பத்தெட்டாவது பெயர் இலங்கைத்துறைக் கிராமத்திலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்து வந்த ஒருவருடையது. இந்த வாரம்தான் முதன்முதலாக எங்கள் பட்டியலில் சேர்ந்தார். பள்ளிக்கூட மண்டபமொன்றில் குடும்பத்தோடு இருக்கிறார். வீட்டு இலக்கம் இல்லை. கையால் எழுதும் காலத்தில் இலக்கம் இல்லாதவருக்கு நான் ஒரு கோடு போடுவேன். அதே பழக்கத்தில் இங்கும் கோடு போட்டேன். அந்த இடத்தில் எண் வரும் என்று காத்திருந்த புரோகிராம், கோட்டைக் கண்டு திகைத்துவிட்டது.

பஸ்லி சேர் திரையில் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"எல்லாருக்கும் வீட்டு நம்பர் இரிக்கும் எண்டு நினைச்சு எழுதிட்டன் அக்கா."

"இந்தக் காலத்திலயோ?" என்றார் தவராசா அண்ணை.

ஒரு சேர்வருக்குக் கதவு இலக்கம் இருக்கிறது, ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு இல்லை. அதைப் பற்றி மூன்று மணிக்குள் என்ன பேசுவது?

அவர் புரோகிராமில் ஒரு வரி மாற்றினார். இலக்கம் இல்லாவிட்டாலும் பெயரை விட்டுவிடாதே என்று சொல்லும் வரி. இரண்டு முப்பத்தைந்துக்குப் பிரிண்டர் இழுக்கத் தொடங்கியது. முப்பத்தேழு... முப்பத்தெட்டு... அறுபத்திரண்டு. தவராசா அண்ணை மை காயமுன்னமே தாளைப் பறித்துக்கொண்டு சைக்கிளில் பாய்ந்தார். வாசலில் கொடுக்கும்போது மூன்றுக்கு நாலு நிமிடம் இருந்ததாம். அவர் சொன்னது. அன்றைக்குரிய பொய்யை ஏற்கெனவே சொல்லிவிட்ட ஆள்... இதை நம்பலாம்.

புதன் விடிய எல்லோரும் போனார்கள். முப்பத்தெட்டாவது ஆளும் போனார். பத்து மணிபோல் ஒபிஸ் வாசலில் ஒரு பையைக் கண்டு நடுங்கிப்போய், "இது ஆற்றை?" என்று சத்தம் போட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "உங்கடதான் அக்கா. புதுசா வந்தவர் வைச்சிட்டுப் போறார்" என்றார். உள்ளே இரண்டு பாரை மீன்.

இரண்டு நாளாக ஒன்றை யோசிக்கிறேன். தவராசா அண்ணை வாசல்வரைதான் போகிறார், முகாம் அதிகாரியோடு ஒரு நாளும் கதைத்ததில்லை. அதிகாரிக்கும் தவராசா என்பது ஒரு வரிதான். முகாமில் கேட்பது என்னிடம் வருகிறது. நான் வள்ளக்காரரிடம் சொல்கிறேன். இவர்கள் சொல்வதை அச்சடித்து அங்கே அனுப்புகிறேன். போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்த செவ்வாயில் பட்டியல் ஏன் வரவில்லை என்று பிரிண்டரைப் பார்த்தார்களாம், சைக்கிளைப் பார்த்தார்களாம், முகாம் வாசல் பூட்டோ என்றுகூட ஒருவர் போய்ப் பார்த்தாராம். என் கதிரையைக் கடைசியில்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதில் கோபமில்லை. பின்னால் இருக்கிறவர்களை அவர்கள் இல்லாத நாளில்தானே தேடுவார்கள்?

பஸ்லி சேர் பின்னேரப் பாதையைப் பிடிக்க ஓடுவதற்கு முன், இன்னும் இரண்டு செவ்வாய் பார்க்க வேண்டும் என்று சேர்வரை எங்கள் மெஷினிலேயே விட்டுவிட்டுப் போனார். "பேர் விளங்காததாலதானே நிப்பாட்டினீங்க? விளங்குற பேரா வச்சிட்டன்" என்றார். என்ன பெயர் என்று, வழக்கம்போல, நான் கேட்கவில்லை.

நேற்று மூன்று பொத்தானையும் அழுத்திப் பட்டியலைப் பார்த்தேன். நடுவில் இங்கிலிஷ் எழுத்தில் 'மலர்' என்று இருந்தது. என் பெயர். கீழே 'நிறுத்து' பொத்தான்.

யன்னல் இல்லை, சத்தம் இல்லை... வேலையில்தான் இருக்கிறேன்.