பானுவும் ஒரு பர்சோவும்

பானுவைப் பற்றி எழுது என்றால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மேல் இல்லை, அவளைச் சந்தேகப்பட்டவர் மேல். ஹப்சிகுடா பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுத்த மேஜை என்னுடையது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் பிஎச்.டி.க்கு வந்து சேர்ந்தாள்.

அவள் வேலை இதுதான். சிலிக்கான் சில்லை அமிலத்தில் முக்கி எடுத்தால் அதன் மேலெல்லாம் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும். காற்றில்லாத பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றினால் அது கிளம்பிவிடும். எந்தச் சூட்டில் எவ்வளவு கிளம்புகிறது என்று கணினியில் கோடு ஓடும். "தனியா போகாதுடி. ரெண்டு ரெண்டா கை கோத்துக்கிட்டுதான் போகும்," என்பாள் பானு. ஒரு சிலிக்கான் அணுவில் இரண்டு ஹைட்ரஜன் ஒட்டியிருந்தால் நானூறு டிகிரி வாக்கில் ஒரு மேடு எழும்பும். ஒன்றே ஒன்று ஒட்டியிருந்தால் ஐந்நூறு வாக்கில் இன்னொரு மேடு. இந்த இரண்டு மேட்டை வைத்துத்தான் அவள் ஆய்வேடே.

கையெழுத்துப் போடுமுன் வழிகாட்டி சந்திரமோகன் சார், "என் கண்ணெதிரே ஒரு தடவை செஞ்சு காட்டும்மா," என்றார். செய்தாள். முதல் மேட்டைக் காணோம். இரண்டாவதும் அமுங்கிக் கிடந்தது.

"சில்லு பழசா இருக்கும் சார். காத்துல கிடந்து ஹைட்ரஜன் போய் ஆக்சைடு ஏறியிருக்கும்," என்றாள்.

சில்லுகளை முக்கி வைப்பவர் அப்துல் காதர் பாய். சார் அவரைக் கூப்பிட்டு, எப்போது முக்கியது என்று கேட்டார். "பர்சோ, சாப்," என்றார் பாய். சார் கும்பகோணத்துக்காரர், டெல்லியில் ஹிந்தி கற்றவர். அவருக்குப் பர்சோ என்றால் முந்தாநாள்.

"சார், இங்க பர்சோன்னா..." என்று பானு ஆரம்பித்தாள்.

"முந்தாநாள் சில்லு எப்படிம்மா பழசாகும்? சாக்கு சொல்லாதே. அப்போ முன்னாடி நீ காட்டின படமெல்லாம் எங்கேருந்து வந்தது?"

இட்டுக்கட்டியவள் என்றுதானே அதற்கு அர்த்தம்? அதுவும் எங்கள் எல்லார் எதிரிலும். பானுவின் முகம் செத்துப்போயிற்று. இந்த ஊரில் நேற்றுக்கு முந்தின எந்த நாளும் பர்சோதான். கேட்டால் என் கல்யாணம்கூடப் பர்சோ நடந்ததுதான்.

மறுநாள் பானு பாயைச் சாரிடமே அழைத்துப் போனாள். "பாய், எந்தப் பர்சோ?" என்று அவர் எதிரிலேயே கேட்டாள்.

"ரம்ஜான் கே பஹலே," என்றார் பாய், இதென்ன கேள்வி என்கிற மாதிரி. ரம்ஜானுக்கு முன்னாலாம். நாங்கள் பக்ரீத் பிரியாணியே சாப்பிட்டு முடித்திருந்தோம்.

புதிதாக ஒரு சில்லை பானுவே முக்கி எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். சூடு ஏற ஏறக் கோடு மெல்ல நிமிர்ந்தது. முதல் மேடு வந்து இறங்கியது. அடுத்ததும் வந்தது. நான் வாய்விட்டே அழுதுவிட்டேன், அவள் அழவில்லை.

"அன்னைக்கே இதை எடுத்துச் சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் சார்.

"சொன்னேன் சார்," என்றாள் பானு. "சாக்குன்னு சொன்னீங்க."